திருகோணமலையில் கீழிருந்து வரும் துகள்கள்

திருகோணமலைக்கு நான் போனது கோணேசரைக் கும்பிடவும் அல்ல, கடலில் குளிக்கவும் அல்ல. ஒரு பிழையைத் தேடிப் போனேன். ஒரு நொடியை நூறு கோடியாகக் கூறு போட்டால் அதில் ஏறத்தாழ நூறு கூறு, அவ்வளவுதான் அந்தப் பிழை. மதுரையில் எதிர்வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னபோது, "இதுக்கா பெட்டி கட்டிக்கிட்டு நாடு விட்டு நாடு போறீங்க?" என்று கேட்டாள். நான் வாசல் கதவைப் பூட்டினேன்.

விஷயம் இதுதான். வானத்திலிருந்து மியூவான் என்ற துகள்கள் ஓயாமல் பெய்துகொண்டிருக்கின்றன. உங்கள் உள்ளங்கையை நீட்டினால் அதன் வழியாகவும் போகும், தெரியாது. அவற்றைப் பிடிக்க எங்கள் கல்லூரி இயற்பியல் துறையினர் ஊர் ஊராகத் தகடுகள் வைத்திருக்கிறோம். திருகோணமலையில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு வீட்டின் மாடியில் ஒன்று, அதே வீட்டின் நிலவறையில் ஒன்று. துகள் முதலில் மேல் தகட்டைத் தொட வேண்டும், பிறகு கீழ்த் தகட்டை. போன வருட மழைக்குப் பிறகு அங்கே எல்லாம் தலைகீழாகிவிட்டது. கீழ்த் தகடு முந்திக்கொள்கிறது. கணக்கை அப்படியே நம்பினால் அத்தனை துகளும் துறைமுகத்தின் அடியிலிருந்து கிளம்பி வானத்துக்குப் போகின்றன.

எப்போதாவது ஒன்று என்றால் ஆச்சரியப்பட்டுக் கட்டுரை எழுதலாம். எல்லாமே என்றால் எங்கோ கோளாறு. கோளாறு பெரும்பாலும் கம்பியில்தான் இருக்கும். கம்பிக்குள் ஒரு சாண் தூரத்தைக் கடக்கச் சமிக்ஞைக்கு ஒரு கூறு நேரம் வேண்டும். மழையில் கெட்டு மாற்றிய மேல் தகட்டின் கம்பி நீளமாகிவிட்டால் அதன் செய்தி பிந்தி வரும். முதலில் வந்தவன் பிந்தியவன் ஆவான். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் கிண்ணியா ஊர்ப் பள்ளி ஆசிரியர் நஸீர் மாஸ்டரைத் தொலைபேசியில் பல தடவை கேட்டேன். "பழைய கம்பி எவ்வளவோ அவ்வளவுதான் மேடம் புதுக் கம்பியும். நானே நீளம் எழுதிக் குடுத்த" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். எனக்குப் பொறுமை கிடையாது. கிளம்பிவிட்டேன்.

முதல் நாளே சனியன் பிடித்தது. விமான நிலையத்திலிருந்து வந்த பஸ்ஸில் என் கருவிப் பெட்டியை நடத்துனர் ஏணி வைத்துக் கூரையில் ஏற்றினார். திருகோணமலையில் நான் இறங்கினேன், பெட்டி இறங்கவில்லை. பஸ் நிலாவெளிப் பக்கம் போய்விட்டது. நான் ஓட்டோ பிடித்துத் துரத்தினால், நடுத்தெருவில் மான்கள். நம்மூரில் மாடு நிற்பது போல அங்கே புள்ளிமான்கள் கடைவீதியில் நிற்கின்றன. ஒன்று ஒரு பாலிதீன் பையைச் சாவகாசமாக மென்றுகொண்டு என்னையே பார்த்தது. ஓட்டோக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. "அது தானாப் போகும் அம்மா, அவசரப்பட ஏலாது" என்றார். மானுக்கு அவசரமே இல்லை. பெட்டியைச் சாம்பல்தீவு தாண்டி ஒரு தேநீர்க் கடை வாசலில் கண்டுபிடித்தோம். யாரோ இறக்கி, மழை படாமல் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம். உள்துறைமுகத்தின் தண்ணீர் அசையவே இல்லை. நான் பார்த்த கடல்கள் எல்லாம் எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும். இங்கே மலைகள் சுற்றி நிற்க, தண்ணீர் வாயை மூடிக்கொண்டிருந்தது. பெரிய கப்பல்களே வந்து நிற்கும் ஆழம் என்று ஓட்டோக்காரர் சொன்னார். எனக்கு நீச்சல் தெரியாது, அந்தத் தகவல் எனக்குத் தேவையே இல்லை.

"வாங்கோ அக்கா, களைச்சுப் போனியள். முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ" என்று செல்வமணி வரவேற்றாள். வீட்டுக்காரி. நாற்பத்தைந்து இருக்கலாம், மெலிந்த உடம்பு, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கணவர் மீன்பிடிக்கிறவர் என்று மாஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். மாடியில் எனக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருந்தாள்.

தேநீரை வாயில் வைக்கப் போகும்போது அந்தச் சத்தம் கேட்டது. டொக்.

கூடத்து அலுமாரியின் மேல் ஒரு சின்னப் பெட்டி. நஸீர் மாஸ்டரின் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்தது. துகள் மேலிருந்து வந்தால் 'டிங்' என்று மணிச் சத்தம், கீழிருந்து வந்தால் 'டொக்' என்று கட்டைச் சத்தம். பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு டொக். கொஞ்சம் இடைவெளி. டொக் டொக். நீண்ட அமைதி. மறுபடி டொக். தற்செயலாக வரும் எதுவும் இப்படித்தான் கும்பலாகவும் இடைவெளி விட்டும் வரும். வகுப்பில் நானே எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஆனால் காதுக்கு அது கதவைத் தட்டுவதாகத்தான் கேட்கிறது. தட்டிவிட்டு, திறக்கிறார்களா என்று பார்த்து, மறுபடி தட்டுவது.

இடியப்பம், சொதி, பொரித்த சூடை மீன். நான் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். எங்கள் ஊர் இடியாப்பம் இதன் முன்னால் நிற்க முடியாது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மேசையில் இன்னொரு தட்டு மூடி வைத்திருந்தது. யாருக்கு என்று கேட்டேன்.

"இவருக்கு. வாற நேரம் தெரியாது" என்றாள்.

காலையில் இறங்கி வந்தபோது தட்டு மூடியபடியே இருந்தது. செல்வமணி அதை எடுத்துக்கொண்டு போய்க் காகத்துக்கு வைத்தாள். கடலுக்குப் போனவர் இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் முழுக்கக் கோளாறைத் தேடினேன். மாடியில் தகட்டிலிருந்து சுவரோரமாக இறங்கி ஒரு துளை வழியாக வீட்டுக்குள் வரும் கம்பியை நாடா வைத்து அளந்தேன். மாஸ்டர் சொன்னது சரி, பார்க்கக் கிடைத்த நீளம் பழைய நீளம்தான். பெட்டியை மாற்றினேன். டொக். மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் இடம் மாற்றினேன், முதுகு ஒடிந்தது. டொக். என்னுடைய சொந்தக் கருவியையே வைத்துப் பார்த்தேன். அதுவும் கீழிருந்துதான் வருகிறது என்றது. மதியம் தாண்டியதும் எனக்கு எரிச்சல் போய் வேறு ஏதோ வந்தது. அதைப் பயம் என்று சொல்ல நான் அன்றைக்குத் தயாராக இல்லை.

நிலவறை அந்தக் காலத்து ஏதோ களஞ்சியத்தின் மிச்சம். கல் படிகள், உப்பு வாடை, சுவரில் எப்போதும் ஈரக் கசிவு. சுவருக்கு அந்தப் பக்கம் துறைமுகம். கீழ்த் தகட்டின் பக்கத்தில் ஒரு கதிரை, நம்மூர் நாற்காலி, போட்டிருந்தது. அதன் பிரம்பு நடுவில் குழிந்து போயிருந்தது. தகட்டைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் படியில் செல்வமணி நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"நீங்கள் முடிச்சிட்டியள் எண்டால் நான் கொஞ்சம் இருக்கட்டோ?"

"இங்கேயா?"

"ஓம். பின்னேரத்தில நான் இஞ்சதான் இருக்கிறனான்."

நான் மேலே வந்துவிட்டேன். கூடத்துப் பெட்டி டொக் என்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே அவள் மெதுவாக யாரோடோ கதைப்பது கேட்டது. மீன் விலை, தண்ணீர்க் குழாய் உடைந்தது, தெருவில் யாருக்கோ பிள்ளை பிறந்தது. இடையிடையே நிறுத்திக் காத்திருந்தாள். டொக் வந்ததும் தொடர்ந்தாள். நான் மாடிக்குப் போய் வெயிலில் நின்றேன்.

மூன்றாம் நாள் கம்பிக்கு வேறு முனைகள் வாங்க வேண்டும் என்று நஸீர் மாஸ்டர் என்னைக் கிண்ணியாவுக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனார். பருத்த, சிரித்த முகம். எல்லாவற்றுக்கும் இன்ஷா அல்லாஹ் சொல்வார், அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு அது ரொம்பவும் தேவை. நீளமான பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர். பாலத்துச் சுவரில் சாய்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாஸ்டர் வண்டியை உதைத்து உதைத்துக் களைத்து, கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார்.

"செல்வமணியின் கணவரை இன்னும் நான் பார்க்கவே இல்லையே சார்" என்றேன்.

அவர் உதைப்பதை விட்டார். "உங்களுக்குத் தெரியாதா மேடம்? அவள் சொல்லல்லயா?"

அப்போதுதான் சொன்னார். தவராசா போன வருட மழைக்காலத்தில் கடலுக்குப் போனவர். வரவில்லை. படகும் இல்லை, ஆளும் இல்லை, ஒரு மிதவைகூடக் கரை ஒதுங்கவில்லை. நிலவறையைத் தகட்டுக்குக் கொடுத்ததே தவராசாதான். வானத்திலிருந்து வீட்டுக்குள் ஏதோ வருகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டவராம். அவர் கடலில் நின்ற அந்த நாளில்தான் பழைய கம்பி மழையில் பழுதாகி, வயர்காரர் வந்து புதுக் கம்பி போட்டுவிட்டுப் போனார். அன்று முதல் பெட்டியில் டிங் நின்று டொக் வரத் தொடங்கியது.

"ஆள் கடலுக்குள்ள போனார். மறுகா சத்தம் கடலுக்குள்ள இருந்து வருது. அவள் என்னண்டு நினைப்பாள்? தவராசாட தம்பிக்காரன் அந்திரட்டி செய்வம், காரியத்த முடிப்பம் எண்டு ஒவ்வொரு மாசமும் வாறான். இவள் ஒத்துக்கொள்றாள் இல்ல. பொட்டு அழிக்கல்ல. சத்தம் வருதுதானே எண்டு சொல்றாள்."

"அது கம்பிக் கோளாறு என்று நீங்கள் சொல்லவில்லையா?"

"எனக்கு அந்தத் தைரியம் வரல்ல மேடம். அதான் நீங்க வாறன் எண்டதும் ஓம் எண்ட."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஒரு கம்பியைச் சரி பார்க்க வந்தவளிடம் ஒருத்தியின் தாலியைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். திட்ட வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் திட்டவில்லை. அவர் இன்னோர் உதை விட்டதும் வண்டி கிளம்பியது. கிண்ணியாவில் சட்டியில் உறைந்த எருமைத் தயிரும் கருப்பட்டிப் பாகு போன்ற பாணியும் வாங்கிக் கொடுத்தார். அதைவிட நல்ல தயிரை நான் எங்கும் சாப்பிட்டதில்லை, ஆனால் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

நான்காம் நாள் காலையில் வேறு வழியில் தேடினேன். கம்பியின் ஒரு முனையிலிருந்து ஒரு சின்னத் துடிப்பை உள்ளே அனுப்பினால் அது மறுமுனையில் மோதித் திரும்பி வரும். கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்புவது மாதிரிதான். எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்த்தால் உண்மையான நீளம் தெரிந்துவிடும். அனுப்பினேன். எதிரொலி வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. திரை வெறுமையாக ஓடியது. நன்றாகப் பிந்தி, எதிர்பாராத இடத்தில், ஒரு சின்ன மேடாக வந்து நின்றது. என் கண்ணில் படாத கம்பி அந்த வீட்டுக்குள் எங்கேயோ இருந்தது.

செல்வமணியிடம் கேட்டேன். ஒளிக்கவே இல்லை. குசினி என்று அவள் சொல்லும் சமையலறைக் கதவோரமாக மேலே கையைக் காட்டினாள்.

"அந்தப் பலகைக்கு மேல சுத்தி வைச்சிருக்குது. வயர்காரர் பெரிய றோல் ஒண்டு கொண்டந்தவர். அளந்துபோட்டு மிச்சத்தை வெட்டப் போனார். நான் விடேல்லை."

"ஏன்?"

அவள் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "இவர் கடலில நிக்கிறார் அல்லோ அக்கா. ஆள் கடலில நிக்கேக்க வீட்டில கயிறு அறுக்கிறேல்லை. தங்கூசி, வயர், ஒண்டும் அறுக்கிறேல்லை. முடிச்சை அவிழ்க்கலாம். அறுக்கேலாது. எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான்."

தங்கூசி என்றால் நைலான் தூண்டில் நூல். நான் ஏணி வைத்து ஏறிக் கூரைப் பலகையை நகர்த்தினேன். கறுப்புக் கம்பி, வட்டம் வட்டமாக, மிக நேர்த்தியாகச் சுற்றி, நடுவில் ஒரு துணிக்கிழிசலால் கட்டப்பட்டிருந்தது. ஒரு தூசி இல்லை. அடிக்கடி யாரோ துடைத்திருக்கிறார்கள். ஏணியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். அவர் திரும்பி வரட்டும் என்று அவள் அறுக்காமல் வைத்த கம்பிதான் இவ்வளவு காலமும் அவளைக் கீழிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இதை நான் அவளிடம் சொல்லியாக வேண்டும். 

சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. துகள்கள் இன்றைக்கும் வானத்திலிருந்துதான் வருகின்றன, மேல் தகட்டின் செய்தி இந்தச் சுருளைச் சுற்றி வருவதால் பிந்துகிறது, அதனால் கீழே இருப்பது முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான் என்றேன். அவள் அழவில்லை. அலுமாரி மேல் பெட்டி டொக் என்றது. இருவரும் அதைப் பார்த்தோம்.

"எவ்வளவு பிந்துது?"

சொன்னேன். நொடியை நூறு கோடியாகப் பிரித்து அதில் நூறு. அவள் உதட்டுக்குள் கணக்குப் பார்த்தாள்.

"கண் மூடித் திறக்கிற நேரமும் இல்லை?"

"அதில் கொஞ்சத்திலும் கொஞ்சம்."

"இந்தப் பிந்தலுக்கோ கடல் தாண்டி வந்து நாலு நாளாய்த் தேடுறியள்?" கோபம் இல்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். "இவர் பிந்திப்போனார் எண்டு நான் ஒவ்வொரு வாசலாப் போய்ச் சொன்னனான். ரெண்டு நாள் தேடிச்சினம் அக்கா. பிறகு எல்லாரும் தங்கட தங்கட வேலையைப் பாக்கப் போட்டினம்."

 என்னால் ஒரு தொழில்நுட்ப யோசனையைத்தான் சொல்ல முடிந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "இதை அறுக்கத் தேவையில்லை செல்வமணி. கீழ்த் தகட்டுக்கும் இதே அளவு கம்பி கூடப் போட்டால் இரண்டும் ஒரே மாதிரிப் பிந்தும், சரியாகிவிடும். சுருள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்."

"அப்ப சத்தம்?"

"டிங் என்று வரும்."

"கீழ இருந்து?"

"வராது."

அவள் எழுந்து குசினிக்குள் போனாள். அடுப்பைப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன்.  வெளியே துறைமுகத்தில் ஒரு படகின் இயந்திரம் ஓடி நின்றது. திரும்பி வந்தபோது கையில் மீன் வெட்டும் கத்தி இருந்தது. நான் ஓர் அடி பின்வாங்கினேன்.

"பெட்டியை நிப்பாட்டுங்கோ அக்கா."

நிறுத்தினேன். வீடு இப்படி ஓர் அமைதியை நான் வந்த நாளிலிருந்து கண்டதில்லை. அவள் ஏணியில் ஏறிச் சுருளை இறக்கினாள், துணிக்கிழிசலை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து கம்பியை நீட்டினாள்.

"இந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ. தளர விடாதேங்கோ. எங்க அறுக்கிறது?"

நாடா வைத்து அளந்து பழைய நீளத்தில் விரலால் காட்டினேன். அவள் அந்த இடத்தில் கத்தியை வைத்தாள். செப்பு உள்ளே இருப்பதால் ஒரே வெட்டில் போகவில்லை. மீன் முள்ளை நறுக்குவது போல அழுத்தி இரண்டு மூன்று தடவை அறுத்தாள். கம்பி போனதும் நான் பிடித்திருந்த பக்கம் திடீரென்று தளர, பின்னால் சாய்ந்தேன்.

செல்வமணி கத்தியை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து நிலவறைப் படிகளில் இறங்கினாள். நான் மேல் படியிலேயே நின்றேன், அறுத்த முனை கையில் இருந்தது. கீழே கதிரை கிரீச்சிட்டது. அவள் உட்காரவில்லை, அதைத் தள்ளிச் சுவரோரமாக வைத்தாள்.

"உங்கட தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லப் போறன்" என்றாள், முன்பு மீன் விலை சொன்ன அதே குரலில். "வாற அமாவாசைக்கு உங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யிறம். நான் அறுத்துப்போட்டன். இனி நீங்கள் வரத் தேவையில்லை."

பிறகு அவள் பேசவில்லை. காத்திருந்தாள். பெட்டி அணைந்திருக்கிறது, கம்பி என் கையில் இருக்கிறது, அந்த வீட்டில் எந்தச் சத்தமும் வர வழியே இல்லை என்று என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் அவள் மேலே ஏறி வரும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றேன்.